யூரியாவோடு வரும் சீதனம்

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அம்பது காசு என்று ஒரு நாணயம் இருந்ததை இன்னும் மறக்காமல் வைத்திருப்பது உரத்துறை மட்டும்தான். அந்த விலைக்கு மூட்டை கிடைக்குமா என்பது வேறு கதை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் கண்மாயை நம்பி ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் நெல் போடுகிறவனுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் உயிர். கண்மாய் பெருகி, நட்ட பயிர் தூர் கட்டும்போது மேலுரம் விழ வேண்டும். பயிர் காத்திருக்காது. இது கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் அவர் கைரேகை மெஷினை எடுக்குமுன் அலமாரியைப் பார்க்கிறார்.

“அண்ணாச்சி, யூரியா மட்டும் போதும்.”

“அதெப்படி? இந்தப் பாட்டிலையும் எடுத்தாத்தான் மூட்டை. எங்களுக்கே அப்படித்தான் தள்ளிவிடுறாங்க.”

பாட்டிலில் நானோ யூரியா. அரை லிட்டர், 225 ரூபாய். ஒரு மூட்டைக்கு ஈடு என்று சொல்லி 2021-இல் இறக்கிய சரக்கு. ஈடு என்றால் தனியாகவே விற்றுப்போக வேண்டியதுதானே? எதற்கு மூட்டையின் கழுத்தில் கட்டி அனுப்புகிறார்கள்?

இப்படிக் கட்டி விற்பதைத் தடுக்கச் சொல்லி, மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல கடிதம். வயலில் போட முடியாது.

2022-23-இல் மட்டும் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். பெயர் விவசாயிக்கு, பணம் கம்பெனிக்கு. களையெடுத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்கும்வரை அவன் அழுத்த வேண்டும்; ஏற்றால், அங்கே கம்பெனி கணக்கில் பணம் ஏறும். அதே 2022-இல் எல்லா மூட்டைக்கும் ‘பாரத்’ என்று பெயர் வைத்தார்கள். மூட்டை முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுத் திட்டத்தின் விளம்பரம். 2018-இல்தான் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கியிருந்தார்கள். விலையையும் குறைத்தார்கள், அது நியாயம். காரணம்தான் அபாரம்: விவசாயி மூட்டைக் கணக்கில் போடுகிறான், மூட்டையைச் சுருக்கினால் குறைவாகப் போடுவானாம்!

குறைவாகப் போட அவனுக்கு மட்டும் ஆசையில்லையா? 2010-இல் சத்துக்கேற்ற மானியம் என்று ஆரம்பித்து, யூரியாவை மட்டும் வெளியே, பழைய மலிவு விலையிலேயே நிறுத்தினார்கள். அதற்கு முன் 250 ரூபாய்க்குள் கிடைத்த பொட்டாஷ் மூட்டை, 2022-இல் 1,700. பொட்டாஷை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, மண்வள அட்டையைக் கையில் கொடுத்து, சமச்சீராக உரமிடு என்று மேடை போட்டு வகுப்பெடுக்கிறார்கள்.

அவன் மலிவானதையே அள்ளிப் போடுகிறான். பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கிறது. புகையான் பூச்சி அதைத்தான் தேடி வருகிறது. மருந்துக்கு மறுபடி அதே கடை. அதற்கு மானியமும் கிடையாது, பல நேரம் பில்லும் கிடையாது.