கையா, மெஷினா?

கேள்வி: டெல்லி போகிறேன். கையால் பிடித்த மோமோவை எப்படி அடையாளம் காண்பது?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தட்டைப் பாருங்கள். எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தால் மெஷின். அண்ணன் தம்பி மாதிரி சாயல் மட்டும் ஒத்திருந்தால் கை!

மோமோ திபெத்தியக் கொழுக்கட்டை ஆயிற்றே, மஜ்னு கா டில்லாவுக்கே போய்விடுங்கள். யமுனைக் கரையில், 1959-ல் தலாய் லாமா இந்தியா வந்ததைத் தொடர்ந்து வந்த திபெத்திய அகதிகள் வாழும் பகுதி. பெரிய போர்டைத் தேடாதீர்கள். சந்துக்குள் நாலு மேஜை போட்ட கடை போதும். மைதாவில் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து, ஓரம் மெல்லிசாகவும் நடு கொஞ்சம் தடிப்பாகவும் தேய்ப்பார்கள். ஓரம் மடிப்பில் சேர்ந்து தானே தடித்துவிடும். நடு மெல்லிசானால் கிழிந்து சாறெல்லாம் ஆவிப் பாத்திரத்துக்குப் போய்விடும். கறியும் வெங்காயமும் விடும் அந்தச் சாறுதான் மோமோவின் உயிர். சைவம் என்றால் முட்டைக்கோஸ் மோமோ உண்டு.

முழுசாக வாயில் போடாதீர்கள், நாக்கு வெந்துவிடும். ஓரமாகக் கடித்து, சாற்றை உறிஞ்சி, பிறகு மிளகாய்ச் சட்னி தொட்டுச் சாப்பிடுங்கள். மயோனைஸ் வேண்டவே வேண்டாம். போட்டோ எடுப்பதையும் தள்ளிவையுங்கள். ஆறினால் மாவு இறுகிவிடும்.