யோசனைக்குக் கூலி

புதூர்ப் பக்கம் மழைக்குத்தான் பஞ்சம். யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. எந்தத் திசையில் மின்னினால் மழை என்று வானத்துக்கே பாடம் எடுக்கிற ஆட்கள் டீக்கடை பெஞ்சில் இருக்கிறார்கள். ஒருவர் உளுந்து விதைத்தால், "பாசி போட்டிருக்கலாம்ல" என்று சொல்லாமல் எவரும் அந்த வரப்பைத் தாண்டுவதில்லை. எல்லாம் இலவசம். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கூடுதலாகவே கிடைக்கும்.

இந்தக் கரிசலில் பிறந்து மென்பொருள் எழுதுகிறவன் வேறு எப்படி இருப்பான்? நான் பயன்படுத்தும் பெரிய கம்பெனி மென்பொருள் ஒன்றில் புதுப்பதிப்பு வந்ததும், "எப்படி இருக்கிறது?" என்று ஒரு பெட்டி குதிக்கும். அதன் கீழே அழுமூஞ்சி முதல் சிரித்த மூஞ்சி வரை வரிசையாக நிற்கும். நான் மூஞ்சியோடு நிறுத்துகிறவனா? எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், பிழை எந்த இடத்தில் வருகிறது, அதை மறுபடி வரவழைப்பது எப்படி என்று படிப்படியாக, ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி அனுப்புவேன். இதே வேலையை வாடிக்கையாளருக்குச் செய்தால் மணிக்கணக்குப் போட்டு பில் கொடுப்பேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று உடனே பதில் வரும். அனுப்பிய விரலை எடுப்பதற்குள் படித்து, முக்கியம் என்று முடிவும் கட்டிவிட்டார்கள்!

பக்கத்தில் இருந்த சித்தப்பா கேட்டார்: "இதுக்கு அவன் உனக்கு என்னப்பா தாரான்?"

"ஒண்ணும் தரமாட்டான் சித்தப்பா."

"அப்போ நீ அவனுக்கு?"

"மாசாமாசம் சந்தா கட்டுறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சரி, படிக்கவாவது செய்கிறார்களா? மைக்ரோசாப்ட் 2014-ல் விண்டோஸ் இன்சைடர் திட்டத்தைத் தொடங்கியது. வெளிவருமுன்பே விண்டோஸைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்ல, சம்பளமில்லாமல் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துத் தள்ளியது. சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் இன்சைடர்கள் சிலர் இந்தக் குறையை முன்னமே எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்கு ஆதரவு வாக்கு அதிகம் விழாததால் கும்பலில் அமுங்கிவிட்டது. பாதிப்பு எவ்வளவு பெரியது என்று குறிக்கப் படிவத்தில் இடம் வைத்ததே அதற்குப் பிறகுதான். அதே பருவத்தில் எங்கள் பக்கம் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றது. புழு தின்றதற்காவது அரசு நிவாரணம் கொடுத்தது.

கம்பெனிகளுக்குக் கூலி கொடுக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை என்றால் பை தானாக அவிழும். கூகுள் 2010 முதலே இதற்குப் பரிசுத்தொகை தருகிறது. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, அடுத்தவர் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்ற வழிவிடும் ஓட்டையைக் காட்டி 2019-ல் 30,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாப்ட் கணக்கில் அதே மாதிரி ஒன்றைக் காட்டியதற்கு 2021-ல் 50,000 டாலர். ஆக, யோசனைக்கு விலை உண்டு. அவர்கள் பயந்தால் டாலர்; நாம் ஆசைப்பட்டால் இலவசம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதை விற்கிற அண்ணாச்சிகூட, "பாகு பதம் எப்படி?" என்று கேட்குமுன் கையில் ஒரு துண்டு கொடுப்பார். கருத்துச் சொல்லும் வாய்க்கு ஏதாவது போட்டுவிட்டுக் கேட்பதுதான் முறை.

எல்லாவற்றுக்கும் காசு கேட்கச் சொல்லவில்லை. லிப்ரே ஆபீஸிலோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ குறை கண்டால் ராத்திரி கண்விழித்து எழுதுங்கள். முடிந்தால் திருத்தியே கொடுங்கள். அதன் பலனை எடுத்துக்கொள்ள யாரும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மனிதர்களைப் பாதிக்கும் குறை என்றால், எந்தக் கம்பெனியானாலும் சொல்லத்தான் வேண்டும். பொத்தான் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைச் சம்பளம் வாங்குகிறவர்கள் தீர்மானிக்கட்டும். பெட்டி குதித்தால் ஏதாவது ஒரு மூஞ்சியை அமுக்கிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். "இன்னும் விவரமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பில் அனுப்ப வேண்டிய முகவரியைக் கேளுங்கள்.