உட்காரத் தடை

புது சோஃபா வாங்கி, பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல், யாரையும் அதில் உட்கார விடாத வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மயாமி நகரில் சிலர் அந்த சோஃபாவாகவே மாறிவிடுகிறார்கள்.

வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாத கொழுப்பை உறிஞ்சியெடுத்துப் பின்புறத்தில் ஏற்றுவார்கள். பெயர் 'பிரேசிலியன் பட் லிஃப்ட்'. ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி வாங்கிய சொத்தின்மேல் இரண்டு வாரமாவது உட்காரக் கூடாது. புதிதாகக் குடியேறிய கொழுப்புக்கு ரத்த ஓட்டம் கிடைத்தால்தான் அது பிழைக்கும், அமுக்கினால் போச்சு. குப்புறப் படுக்கை, நின்றபடி சாப்பாடு. ஊர் திரும்பும் விமானத்தில் தொடைக்கடியில் தலையணையைச் செருகி, பின்புறம் அந்தரத்தில் நிற்க அமர்வார்கள்: திரிசங்கு சொர்க்கம். கழிப்பறைக்கு மட்டும் விதிவிலக்கு, அதுவும் சட்டுப்புட்டென்று. இத்தனைக்கும் பிறகு, ஏற்றியதில் ஒரு பகுதியை உடம்பே கரைத்துவிடும். இடம்பெயர்ந்த எல்லாருக்கும் பட்டா கிடைக்குமா என்ன!

சிரிப்பு இதோடு சரி. ஊசி தசைக்குள் இறங்கினால் கொழுப்பு ரத்தநாளத்தில் புகுந்து, நுரையீரலை அடைத்து, ஆளையே கொன்றுவிடக்கூடும். சாவுகளைப் பார்த்த, மயாமி இருக்கும் ஃபுளோரிடா மாநிலத்தின் மருத்துவ வாரியம் 2022-இல் அவசர விதி ஒன்று போட்டது: ஒரு மருத்துவர் ஒரு நாளில் 3 பேருக்குமேல் இதைச் செய்யக் கூடாது.