பறவா ஊர்தியின் ஐந்திணை: சிற்றளவு ஹெலிகாப்டர் கட்டுதலும் வண்ணம் தீட்டுதலும் பற்றிய ஓர் ஆய்வு

பாயிரம்

பெரியதோர் ஊர்தியைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, அதன் உறுப்புகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்க, வாங்கியவர் அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, அலமாரியில் ஏற்றிவைக்கும் தொழிலுக்குச் சிற்றளவு மாதிரிக் கலை என்று பெயர். இக்கலையில் போர்விமானமும் டாங்கியும் கட்டுவோர் பலர். ஹெலிகாப்டர் கட்டுவோர் சிலர். அச்சிலரின் உழைப்புக்கு இலக்கணம் எதுவும் வகுக்கப்படவில்லை. இலக்கணம் இல்லாத துறைக்கு இலக்கணம் செய்வதும், இருக்கும் துறைக்கு உரை எழுதுவதும் தமிழ்ப் புலமையின் நெடுநாள் வழக்கமாதலால், இக்கட்டுரை அவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய முற்படுகிறது.

“இது பறக்குமா?” என்பதே இக்கலையின் பரபக்கம், அதாவது மறுத்து விலக்கப்பட வேண்டிய பிறர் கொள்கை. விருந்தினரும் பக்கத்து வீட்டாரும் சில வேளைகளில் கூரியர் கொண்டுவருபவரும் எழுப்பும் இவ்வினாவில், பறப்பதே ஹெலிகாப்டரின் இயல்பு, பறவாதது குறையுடையது என்னும் கருத்து மறைந்து நிற்கிறது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. ஹெலிகாப்டர் என்ற பெயரை 1861-இல் ஆக்கிய பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் த பொந்தோன் தமேக்கூர், அன்று புத்தம்புது உலோகமாயிருந்த அலுமினியத்தைக் கொண்டு நீராவியால் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். உலோகத்தின் புதுமை பாராட்டப்பட்டது. மாதிரி தரையைவிட்டு எழவேயில்லை. இகோர் சிக்கோர்ஸ்கியின் விஎஸ்-300, 1939 செப்டம்பர் 14 அன்று முதன்முதல் எழுந்தபோதும் கயிறுகளால் தரையோடு பிணைக்கப்பட்டே இருந்தது. ஆகவே பறவாத சிற்றுருவே மூலம் என்பதும், பறப்பன யாவும் பிற்காலத் திரிபுகள் என்பதும் பெறப்படும். சீனச் சிறுவர் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பறக்கவிட்ட மூங்கில் தும்பி இதற்கும் முற்பட்டதன்றோ எனின், அது விளையாட்டுப் பொருள். இங்கு ஆராயப்படுவது விளையாட்டன்று.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர். இக்கலையில் நிலம் என்பது அலமாரித் தட்டின் அகலம். அதை ஆள்வது விகிதம். பல காலமாக வழங்கிவரும் 1/72 விகிதம், 1930-களில் பிரிட்டனில் விற்ற ஸ்கைபேர்ட்ஸ் மர மாதிரிகளால் பரவியது. ஓர் அங்குலம் ஆறு அடியைக் குறிப்பதால், ஏறத்தாழ ஓர் ஆளின் உயரம் ஓர் அங்குலத்துக்குள் அடங்குகிறது. 1/48 விகிதத்தில் ஓர் அங்குலம் நான்கு அடிக்குச் சமம். 1/35 விகிதத்துக்கோ இத்தகைய கணக்கு எதுவும் இல்லை. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரால் ஓடும் பேந்தர் டாங்கி மாதிரி ஒன்றைச் செய்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்குவதற்கேற்ப உடலின் அளவை முடிவு செய்தது. பின்னர் அளந்து பார்த்ததில் வந்த விகிதமே 1/35. இன்று பேட்டரியே இல்லாத ஹெலிகாப்டர்களும் அவ்விகிதத்தில் வார்க்கப்படுகின்றன. மரபு என்பது காரணம் போன பின்னும் எஞ்சி நிற்பது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தக்கது அமெரிக்க பெல் நிறுவனத்தின் யுஎச்-1 ஹெலிகாப்டர். 1956 அக்டோபரில் முதலில் பறந்து, 16,000-க்கும் மேல் கட்டப்பட்டு, வியட்நாம் போரின் அடையாளமாகவே ஆகிவிட்ட இதனை ஹியூயி என்று செல்லமாக அழைப்பர். இதன் எச் வகையில் தலைக்கு மேல் சுழலும் விசிறியின், அதாவது சுழலியின், விட்டம் 48 அடி. 1/72-இல் அது 8 அங்குலம். 1/48-இல் சரியாக ஓர் அடி. 1/35-இல் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர். போர்விமானத்தை மூலையில் ஒதுக்கலாம். ஹெலிகாப்டரோ தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தையே கேட்கிறது. இனி எடையை நோக்குமிடத்து, விகிதத்தின் முப்படியால், அதாவது 3,73,248-ஆல் வகுத்தால், 2,300 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வெற்று ஹியூயி 1/72-இல் 6 கிராம் அளவே இருக்க வேண்டும். அவ்வளவுக்குப் பசையே செலவழித்து முடிக்கும் ஆர்வலர்களும் உளர்.

கருப்பொருள்

பழைய நூலோர் ஒவ்வொரு நிலத்துக்கும் உணவு, புள், பறை முதலியவற்றை வகுத்தது போல இங்கும் வகுக்கலாம். உணவு, ஆறிப்போன காபி. புள், ஈர வண்ணத்தின் மேல் வந்தமர்ந்து அங்கேயே உயிர்விடும் கொசு. பறை, வண்ணத்தைப் புகைபோல் தெளிக்கும் ஏர்பிரஷுக்குக் காற்றூட்டும் கம்ப்ரஸரின் ஓசை. படை, நிப்பர், கூர்நுனிக் கத்தி, இடுக்கி, உப்புத்தாள், பல்குச்சி. இவற்றுள் பல்குச்சி ஒன்றே குறைந்த விலையும் நிறைந்த பயனும் உடையது.

உரிப்பொருள்

புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என்னும் ஐந்தும் இக்கலைக்கும் பொருந்துகின்றன. ஆயினும் இங்கே பிரிதலே முதலில் நிகழ்கிறது என்பது கற்றோர் மனங்கொள்ளத் தக்கது.

பாலை: உறுப்புகளை அவை தொங்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிப் பிரிப்பது. ஸ்ப்ரூ எனப்படும் அச்சட்டத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் எண் உண்டு. பிரிந்த உறுப்புக்கு எண் இல்லை. இருபது உறுப்புகளை ஒரே மூச்சில் பிரித்துப் பரப்பியவர், பின்னர் எது கதவின் கைப்பிடி, எது வெறும் பிசிறு என்று அறியமாட்டாமல் திகைப்பதே இத்திணையின் துயரம். வெட்டிய தழும்பு தெரிய நல்ல வெளிச்சம் வேண்டுமாதலால், பாலைக்கு நண்பகலை வகுத்தது இங்கும் சரியே.

குறிஞ்சி: பிரிந்தவற்றைப் புணர்ப்பது. பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிறது. இடப்பாதி வலப்பாதியாக வரும் ஹெலிகாப்டரின் உடல், மூக்கிலிருந்து வால்வரை நடுக்கோட்டில் சேர்கிறது. சேராத இடத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, இடைவெளி மறையவில்லை என்று கண்டு, மீண்டும் பட்டி பார்ப்பது மரபு. கண்ணாடி உறுப்புகளுக்கு இப்பசையும் ஆகாது, சூப்பர் க்ளூவும் ஆகாது. பின்னதன் ஆவி கண்ணாடியின் மேல் வெண்படலமாகப் படிந்துவிடும். ஆகவே ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே பரிந்துரைக்கப்படுகிறது. ஹெலிகாப்டரில் பாதி முகமும் கண்ணாடியே ஆதலின் இவ்விதி உயிர்நாடி போன்றது. விமானியின் இருக்கைகளுக்கு மேல் ஹியூயியின் கூரையில் பதிந்த இரு சன்னல்களும் பச்சை நிறம் கொண்டவை. அவற்றுக்கு ஒளிபுகும் பச்சையை உட்புறமாகப் பூசி, சட்டத்தின் விளிம்பை மயிரிழை அகலத்துக்கு வெட்டிய மஞ்சள் மறைப்பு நாடாவால் மூடி, வண்ணமடித்தபின் நாடாவை இடுக்கியால் மெல்ல உரிக்கும் அந்த நொடியில் ஆர்வலர் மூச்சு விடுவதில்லை. வீடு உறங்கும் யாமமே இதற்கு உரிய பொழுது.

குறிஞ்சிக்கு ஒரு புறனடை உண்டு. எம்ஐ-24 போன்று மூக்கின்கீழ் சக்கரம் கொண்டவற்றில், உடலை மூடுமுன் மூக்கினுள் ஈயக்குண்டு வைக்க வேண்டும். மறந்தவரின் மாதிரி வாலை ஊன்றி, மூக்கை உயர்த்தி, பறக்கப்போவது போலவே நிற்கும். இதைக் கண்டுதான் பரபக்கத்தார் மீண்டும் தலையெடுக்கின்றனர்.

முல்லை: காய்வதற்காகக் காத்திருத்தல். கார்காலத்தை முல்லைக்கு வகுத்த முன்னோரின் நுண்மையை இங்குத்தான் உணர வேண்டும். லாக்கர் வண்ணத்தில் உள்ள தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அக்குளிர்ச்சியில் நீர் படிந்து, கரும்பச்சை ஹெலிகாப்டர் மேல் வெண்மேகம் பூத்துவிடுகிறது. தலைவி கார் வரக் காத்திருந்தாள். மாதிரி கட்டுபவர் கார் போகக் காத்திருக்கிறார். பொறுமையிழந்து தொட்டுப் பார்ப்போரின் விரல்ரேகை கூரையில் நிலைத்துவிடும். அதைச் சிறிய பிழை என்று விடுவதற்கும் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடித்த பூச்சும் 72 மடங்கு பெருக்கினால் 3.6 மில்லிமீட்டர் ஆகிறது, அதாவது உண்மையான ஹெலிகாப்டரில் எவரும் அடிக்காத கனம்.

நெய்தல்: தொலைந்த உறுப்புக்கு இரங்குதல். இடுக்கியின் பிடியிலிருந்து தெறிக்கும் உறுப்பு எப்போதும் சிறியதாகவும், பெட்டியில் ஒன்றே ஒன்றாகவும், தரையின் நிறத்தினதாகவும் இருக்கும். வெளிச்சம் சாயும் எற்பாட்டு நேரத்தில் தரையில் கன்னம் பதித்துத் தேடுவதும், டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து நிழல் பார்ப்பதும் இத்திணையின் மெய்ப்பாடுகள். மாற்றுறுப்பை ஸ்ப்ரூவின் எச்சத்திலிருந்து செதுக்கி ஒட்டிய மறுநாளே பழையது அகப்படும்.

மருதம்: ஊடல். இது இருவகைப்படும். அகவூடல், தின்னர் நாற்றம், உணவு மேசையின் உரிமை, வாங்கிய பெட்டியின் உண்மை விலை ஆகியன பற்றி இல்லத்தில் எழுவது. இதற்குரிய பொழுது வைகறை என்று நூலோர் கூறியது, விடியும்வரை விளக்கெரித்தவரை நோக்கும்போது மெய்யாகிறது. புறவூடல், ஆர்வலர் தமக்குள் நிறம் பற்றி எழுப்புவது. அமெரிக்க அரசு வகுத்த எஃப்எஸ் 595 வண்ணத் தொகுப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்திலக்க எண் உண்டு. முதலிலக்கம் பளபளப்பையும், இரண்டாவது நிறக்குடும்பத்தையும் சுட்டும். ஹியூயியின் ஆலிவ் பச்சைக்கு 34087 என்றால், 3 மங்கல், 4 பச்சை. இவ்வளவு திட்டமான எண்ணிருந்தும் ஊடல் தீரவில்லை. தொலைவிலுள்ள பொருள் வெளிறித் தோன்றுமாதலால் சிற்றளவுக்கேற்ப வெள்ளை கலக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். வெயிலில் வெளுத்ததையும் சேற்றில் கறுத்ததையும் கணக்கிலெடுக்காமல் எண்ணைப் பிடித்துத் தொங்குவது ஏன் என்பர் மற்றொரு சாரார். கோயம்புத்தூரை அடுத்த சூலூர்த் தளத்தைச் சேர்ந்த, இந்திய விமானப்படையின் வான்சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டர்களில் தீட்டப்பட்ட மயிலைச் சிற்றளவில் வரைய முயல்வோருக்கு இவ்வூடலில் பங்கில்லை. அவர்களுக்கு மயிலே போதும்.

ஐந்தன் புறத்தே இரண்டு உள. கட்டும் எண்ணமில்லாமலே பெட்டிகளை வாங்கி அடுக்குவது கைக்கிளை. 32 மீட்டர் சுழலியுடைய ரஷ்ய எம்ஐ-26-ஐ, 1/72-இல் 44 சென்டிமீட்டர் விட்டம் பிடிக்கும் என்று தெரிந்தும், ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் கொண்டுவருவது பெருந்திணை.

வழுவும் வழுவமைதியும்

அழுக்கூட்டல் என்பது கட்டி முடித்த மாதிரியைத் திட்டமிட்டுக் கெடுத்தல். மெல்லிய கருவண்ணத்தைத் தகட்டிணைப்புகளின் கோடுகளில் ஓடவிட்டுத் துடைப்பர். புகைபோக்கிக்குப் பின்னுள்ள வாற்பகுதியில் சாக்பீஸ் தூளால் கரி படியவைப்பர். இத்துறையின் பேரருள், போர்க்களத்து ஹெலிகாப்டர்கள் ஒழுங்காக இருந்ததில்லை என்பதே. வியட்நாமில் ஒன்றின் கதவை மற்றொன்றில் மாட்டினர். பூச்சின் மேல் பூச்சடித்தனர். ஆகவே மாதிரியில் கதவின் நிறம் மாறிப்போனால், அதற்கொத்த பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிக் காட்டினால் வழு வழுவமைதியாகிவிடும்.

ஆனால் மூன்று வழுக்களுக்கு அமைதி இல்லை. முதலாவது, சுழற்சித் திசை. மேலிருந்து நோக்க அமெரிக்கச் சுழலிகள் பெரும்பாலும் இடஞ்சுழி. ரஷ்யச் சுழலிகள் வலஞ்சுழி. இறக்கையின் தடித்த விளிம்பே முன்செல்ல வேண்டும். தலைகீழாக ஒட்டியவரின் ஹெலிகாப்டரைத் தரையும் ஏற்காது. இரண்டாவது, வாற்சுழலியின் பக்கம். எம்ஐ-8-இல் அது வலப்புறம்; அதிலிருந்து வளர்ந்த எம்ஐ-17-இல் இடப்புறம். மூன்றாவது, தொய்வு. நின்றிருக்கும் ஹெலிகாப்டரின் நீண்ட இறக்கைகள் தம் எடையால் கீழ்நோக்கி வளையும். பெட்டியிலோ பெரும்பாலும் நேராகவே வரும். எம்ஐ-8-இன் ஐந்து இறக்கைகளையும் வெந்நீரில் காட்டி ஒரே அளவில் வளைத்தவரே இக்கலையில் தேறியவர். ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்க விட்டவர் அதை மற்றவர் பார்க்குமுன் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார்.

முடிபு

மேற்கூறியவற்றால், இக்கலை பறத்தலைப் பற்றியதன்று, நிற்பதைப் பற்றியது என்பதும், பறக்கும் எந்திரத்தின் ஓய்வையும் அழுக்கையும் தொய்வையும் அளந்து பார்ப்பதே இதன் பயன் என்பதும் துணியப்படும். இல்லத்தாரிடம் எஞ்சியிருப்பது ஒரு வேண்டுகோள்: அலமாரியைத் துடைக்கையில் ஹெலிகாப்டர்களை ஈரத்துணியால் தொடாமல், மென்மயிர்த் தூரிகையால் மட்டும் தூசி தட்டுக, அங்குக் காணும் கரியும் சேறும் தூசியல்ல, இரண்டு வார உழைப்பு, சுழலி சுழல்கிறதா என்று விரலால் சோதித்துப் பார்க்கவும் வேண்டா.