குச்சிக்கிழங்கும் குட்டிக் குளவியும்

கேள்வி: குச்சிக்கிழங்குச் செடியின் நுனியெல்லாம் சுருண்டு கொத்தாகி, வெள்ளையாகப் படிந்திருக்கிறது. யார் வேலை இது? (ஆத்தூர் வாசகர்)

பதில்: குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியின் வேலை. சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து, கிழங்கை நம்பி வாழ்ந்த நாடுகளைக் கலங்கடித்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்துவிட்டது.

கேள்வி: இவ்வளவு வேகமாகப் பெருகுகிறதே, வரன் பார்க்கக்கூட நேரம் வேண்டாமா?

பதில்: வரனே வேண்டாம்! இந்த இனத்தில் ஆண் இல்லாமலே பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; பிறப்பதும் பெண்ணே. பூச்சி ஒட்டிய ஒரு கரணை லாரி ஏறினால் போதும், புது ஊரில் வம்சம் தொடங்கிவிடும். அதனால் நடவுக்குக் கரணை வாங்கும்போதே சுத்தமான தோட்டமா என்று பாருங்கள்.

கேள்வி: மாற்றி மாற்றி மருந்து அடித்தும் போகவில்லையே?

பதில்: உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு, இருப்பதோ சுருண்ட நுனிக்குள். மருந்து அதைத் தொடுவதே அரிது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு முதலில் செத்துப்போகும். காசும் போய் காவலும் போகிறது.

கேள்வி: வேறு என்னதான் வழி?

பதில்: அதன் பழைய எதிரியை அழைத்து வருவதுதான். இந்தப் பூச்சியை அதன் சொந்த மண்ணில் தேடியபோது, 1981இல் பராகுவேயில் கிடைத்தது. அங்கே அதைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தது. பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அந்தக் குளவியை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரப்பினார்கள், பயிர் மீண்டது. அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெங்களூருவில் உள்ள பூச்சி ஆய்வு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள்.

கேள்வி: குளவியா! கொட்டாதா?

பதில்: எள்ளைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளர்ந்து, ஓட்டைத் துளைத்து வெளியே வரும். அப்படி உப்பி இறுகிய பூச்சிக்கூடுகளைப் பார்த்தால் எரித்துவிடாதீர்கள்; உள்ளே உங்கள் காவலர் இருக்கிறார்.

கேள்வி: பூச்சி அடியோடு ஒழியுமா?

பதில்: ஒழியாது, ஒழியவும் வேண்டாம். கொஞ்சம் பூச்சி மிஞ்சினால்தான் குளவி பிழைக்கும். குளவி பிழைத்தால்தான் கிழங்கு பிழைக்கும். குளவி விட்ட வயலில் தெளிப்பானை எடுக்கும் முன் வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாடு போய் வருகிறவர்களும் பெட்டியில் செடி, குச்சி எதையும் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். அடுத்த பூச்சி அப்படித்தான் வரும்.