பாதுகாப்பு சபையைத் திருத்த நெல்லித்தோப்பு வழி

ஐ.நா. பாதுகாப்பு சபையைத் திருத்தியமைக்க நியூயார்க் வரை போகவேண்டியதில்லை. நெல்லித்தோப்பில் ஒரு டீக்கடை, காலை ஆறரை மணி, யாராவது விட்டுப்போன பேப்பர், இவ்வளவு போதும். அங்கே முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிற வேலையும் இங்கே தினம் நடக்கிற வேலையும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. இங்கே டீ கிடைக்கும், அது ஒரு லாபம். இந்த விவாதத்தில் புதிதாக இறங்க நினைப்பவர்களுக்காக, அனுபவசாலி என்ற முறையில் சில யோசனைகள்.

முதலில் பெஞ்சில் ஒரு சொல்தா இருக்கிறாரா பாருங்கள். ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவருக்குப் பாண்டியில் அதுதான் பெயர். அவர் இல்லாத விவாதத்தில் உப்பு இருக்காது. வீட்டோ உள்ள நாட்டின் குடிமகன் பெஞ்சில் அவர் ஒருவர்தானே. பிரான்ஸில் அதிபர் தேர்தல் என்றால் பாண்டியில் இருந்தபடியே ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். கடைக்காரர் நம்மையெல்லாம் “என்னாப்பா” என்பார், அவரை மட்டும் “முசே” என்பார்.

முசே வழக்கமாக இப்படித்தான் ஆரம்பிப்பார்: “இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேணும்னு பிரான்ஸ் எப்பவோ சொல்லிடுச்சு. 1989க்கு அப்புறம் நாங்க வீட்டோவத் தொட்டதே இல்ல, தெரியுமா?” இரண்டும் உண்மை. கூட்டக் கொலைகள் நடக்கும்போது நிரந்தர உறுப்பினர்கள் வீட்டோவை எடுக்காமல் இருக்கலாம் என்று மெக்சிகோவோடு சேர்ந்து பிரான்ஸே யோசனையும் சொன்னது. இதற்கு நீங்கள் கோபப்படக் கூடாது. “பீரோவுல இருக்கிற கல்யாணப் பட்டு மாதிரிங்க முசே. கட்டுறதில்லதான். அதுக்காக யாருக்காவது எடுத்துக் குடுத்துடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சுங்கள்.

உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியாரை இழுப்பார். இழுக்கட்டும், சரியான ஆள்தான். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் சார்பில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் அந்த நீதிக்கட்சிக்காரர். இந்தியாவுக்குச் சுதந்திரமே இன்னும் வந்திருக்கவில்லை. “நாம கையெழுத்துப் போட்ட சங்கத்துல நமக்கே நாற்காலி இல்லியா?” என்று அவர் கேட்கும்போது பெஞ்சே அவர் பக்கம் சாயும்.

இந்த இடத்தில்தான் நெல்லித்தோப்புக்காரர் தன் துருப்பை இறக்கவேண்டும். அந்த ஜூன் மாதத்தில் நெல்லித்தோப்பு எந்த நாட்டில் இருந்தது? பிரான்ஸில். பாதுகாப்பு சபை 1946 ஜனவரியில் முதன்முதலாகக் கூடியபோதும் பிரான்ஸில்தான். அதாவது ஏறக்குறைய ஒன்பது வருஷம் நெல்லித்தோப்பு வீட்டோ உள்ள ஊர். மதராஸுக்குக் கிடையாது, கடலூருக்குக் கிடையாது, நமக்கு இருந்தது. அதை யாரும் பிடுங்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. நிரந்தர நாற்காலியை ஓட்டுப் போட்டு விட்டுவிட்டு வந்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதற்குப் பதில் சொன்னவர் இல்லை.

முசே விடமாட்டார். “சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் பிரான்ஸ்தான்” என்பார். அதுவும் சரி. சாவியைக் கொடுத்தது 1954இல், ஒப்பந்தத்தில் கையெழுத்து 1956இல், அது அமலுக்கு வந்தது 1962இல். ஒரு சின்ன ஊரைக் கொடுப்பதற்கே பாரீஸுக்கு எட்டு வருஷம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அடுத்து நேரு வருவார். கண்டிப்பாக வருவார். “தட்டுல வெச்சுக் குடுத்தாங்க, வேணாம்னுட்டாரு” என்ற வாக்கியம் காதில் விழுந்ததும் இரண்டாவது டீ சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் ஆகும். நடந்தது இவ்வளவுதான்: 1950இல் அமெரிக்கத் தரப்பு விஜயலட்சுமி பண்டிட்டிடம் பேச்சுவாக்கில் கேட்டது. 1955இல் சோவியத் பிரதமர் புல்கானின் ஆறாவது இடம் என்று வாய் விட்டுப் பார்த்தார். முதலில் சீனாவின் விவகாரம் தீரட்டும் என்றார் நேரு. அப்படி யாரும் இடம் தர முன்வரவில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்திலும் சொன்னார். என் கணக்கில் அது பெண் பார்க்க வந்ததுகூட இல்லை, தரகர் தெருவைக் கடந்துபோனது. ஆனால் இதைப் பெஞ்சில் சொல்லி ஜெயிக்க முடியாது. நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

பேச்சு சூடாகும்போது சாசனத்தின் 108ஆம் பிரிவை எடுங்கள். சாசனத்தைத் திருத்த 193 நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 நாடுகள், ஒப்புக்கொள்ளவேண்டும். பிறகு அத்தனை நாடுகள் தத்தம் ஊரில் ஏற்புறுதி செய்யவேண்டும். அந்தக் கணக்கில் நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரும் இருந்தே ஆகவேண்டும். பூட்டு வெளியே தொங்குகிறது, சாவி உள்ளே இருப்பவர் மடியில். பாண்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மாநில அந்தஸ்து கேட்டு நம் சட்டப்பேரவை எத்தனை தீர்மானம் போட்டிருக்கிறது! கை தூக்குவது இங்கே, தலையாட்டவேண்டியது டெல்லியில். நாம் தேர்ந்தெடுப்பது முப்பது பேரை. மேலே மூன்று பேரை டெல்லி நியமிக்கும், அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரி 22 அன்று ஒரு ஆட்சி கவிழ்ந்தபோது அந்த மூன்று கைகளைப் பற்றித்தான் பேரவையில் சண்டை. தேர்தலில் நிற்காத ஆளுக்கு எண்ணிக்கையில் என்ன இடம் என்று நியூயார்க்கில் யாருக்காவது பாடம் எடுக்கவேண்டுமானால் நெல்லித்தோப்பிலிருந்து ஆள் அனுப்பலாம்.

ஒரேயடியாக அவநம்பிக்கையும் வேண்டாம். 1963 டிசம்பரில் உறுப்பினர் எண்ணிக்கையைப் பதினொன்றிலிருந்து பதினைந்தாக்கும் தீர்மானம் வந்தபோது சோவியத்தும் பிரான்ஸும் எதிர்த்து ஓட்டுப் போட்டன, அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கி நின்றன. நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்தது அன்றைய தைவான் சீனா மட்டும். ஆனாலும் 1965 ஆகஸ்டுக்குள் ஐந்து பேரும் ஏற்புறுதி செய்துவிட்டார்கள். சபையில் முறைத்தவர்களே வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட கதை. அப்போது கூடியவை இரண்டு வருஷம் இருந்துவிட்டு எழுந்து போகும் நாற்காலிகள் என்பதால் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

வயிற்றெரிச்சல் என்றதும் பங்காளிகள். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், முழு விவாதமும் இதில்தான் இருக்கிறது. இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் சேர்ந்து 2005இல் ஒரு வரைவு கொண்டுவந்தன: பதினைந்தை இருபத்தைந்தாக்கு, அதில் ஆறு நிரந்தர இடம், வீட்டோ பற்றிப் பதினைந்து வருஷம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். உடனே இந்தியாவின் பங்காளி பாகிஸ்தான், ஜெர்மனிக்கு இத்தாலி, ஜப்பானுக்குத் தென்கொரியா, பிரேசிலுக்கு அர்ஜென்டினா, எல்லாம் ஒரு பக்கம் உட்கார்ந்தன. இந்தக் கோஷ்டிக்கு நியூயார்க்கில் ‘காபி கிளப்’ என்று பெயர். நம் ஊர்ப் பக்கம் பழைய ஓட்டல் போர்டுகளில் இருந்த அதே காபி கிளப். ஐம்பத்து நான்கு நாடுகளுக்கு ஒரு நிரந்தர நாற்காலிகூட இல்லாத ஆப்பிரிக்கா, வீட்டோவோடு இரண்டு இடம் தந்தால்தான் வருவேன் என்றது. வரைவு ஓட்டெடுப்புக்கே வரவில்லை. 2009 முதல் அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை என்று ஒன்று நடக்கிறது. எழுத்தில் ஒரு வரைவை வைத்துக்கொண்டு பேசலாமா என்பதே அங்கே தீராத சண்டை. வருஷம் முடிந்தால் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவிடுவார்கள். நம் கடையில் பாக்கிக் கணக்கை அடுத்த பக்கத்துக்கு எழுதுவதுபோல.

“யாராவது எழுந்து இடம் குடுத்தாத்தானே?” என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். அப்போது நம் தொகுதியைச் சொல்லுங்கள். 2016இல் நாராயணசாமி எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதல்வரானபோது, ஜான்குமார் நெல்லித்தோப்பு இடத்தை ராஜினாமா செய்து கொடுத்தார். நவம்பரில் இடைத்தேர்தல், முதல்வர் உறுப்பினரானார். உலகத்துக்கு முன்மாதிரி என்று முசேயிடம் சொல்லிப் பார்த்தேன். “2021ல அதே சீட்டுல ஜெயிச்சது யாரு?” என்றார். ஜான்குமாரின் மகன். அதற்குமேல் அந்த உதாரணத்தை நான் நீட்டவில்லை, நீங்களும் நீட்டவேண்டாம்.

போன மாதம் ஒருநாள் முசே பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே, நான்காக மடித்த ஒரு தாள். தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருஷாவருஷம் அனுப்பினால்தான் பென்ஷன் வரும். தாளை முழங்கால்மேல் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

நான் செல்போனில் சாசனத்தின் 23ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். நிரந்தர உறுப்பினர் பட்டியலில் இன்றைக்கும் ‘சோவியத் சோஷலிஸ்ட் குடியரசுகளின் ஒன்றியம்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. அது செத்தது 1991 டிசம்பரில். எல்ட்சின் ஒரு கடிதம் அனுப்பினார், ரஷ்யா போய் உட்கார்ந்தது. ‘சீனக் குடியரசு’ என்ற பெயரும் அப்படியே இருக்கிறது; அந்த நாற்காலி 1971இலேயே பெய்ஜிங்குக்குப் போய்விட்டது.

முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப அவங்கள்லாம் இந்தத் தாள அனுப்புறதில்லியா?”

“இல்லைங்க முசே.”

தாளைப் பழையபடி நான்காக மடித்துக் கவரில் போட்டார். ஜெராக்ஸ் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார்.