மூன்றடிக்காரர்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கரையில் அனாபொலிஸ் என்று ஓர் ஊர். அக்டோபர் மாதம் அங்கே பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கும். ஊரே புதுப் படகுகளின் பளபளப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பழைய படகுகள் விற்பனைக்குக் கட்டிக் கிடக்கும் ஓடைப் பக்கம் நடப்பார். கையில் டார்ச், இடுப்பில் அளவு டேப், சட்டைப் பையில் எட்டாக மடித்த தாள். படகுத்துறைக்கு ஒருவராவது இப்படி உண்டு. இவர்தான் மூன்றடிக்காரர்.

அவருடைய சிக்கலைக் கேட்டால் சின்னதாகத்தான் இருக்கும். 27 அடிக் காட்டலினா வாங்குவதா, 30 அடிக் காட்டலினா வாங்குவதா? இரண்டுமே கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கம்பெனியின் படகுகள். 1970களில் வர ஆரம்பித்து, ஒவ்வொன்றிலும் 6000-க்கு மேல் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. அதனால் பழசு சுலபமாகக் கிடைக்கும், உதிரி பாகம் கிடைக்கும், யோசனை சொல்ல ஆளும் கிடைக்கும். இந்தக் கடைசி வசதிதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

இடையில் இருப்பது மூன்றே அடி. மாவலியிடம் மூன்றடி கேட்டு வந்தவர்கூட இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

மடித்த தாளை அவர் பிரித்தால் நாம் உட்கார்ந்துவிடுவது நல்லது. பாய்மரப் படகு, தான் எழுப்பும் அலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஓடுவது. தண்ணீரைத் தொடும் நீளம் கூடினால் அந்த அலையும் நீளும், வேகமும் கொஞ்சம் ஏறும். சின்னதில் அந்த நீளம் 21 அடி 9 அங்குலம், பெரியதில் 25 அடி. வர்க்கமூலம் எடுத்து 1.34-ஆல் பெருக்கினால் ஒன்று ஆறேகால் நாட், மற்றது 6.7 நாட். நாற்பது கடல் மைல் போனால் பெரிய படகு ஏறக்குறைய 25 நிமிடம் முந்திப் போய்ச் சேரும். இந்த 25 நிமிடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆனது. ஜூலையில் செசபீக்கில் பல நாள் காற்றே இருக்காது, இரண்டும் இன்ஜினைப் போட்டுக்கொண்டுதான் ஊர்ந்தாக வேண்டும் என்பதைத் தாளில் எழுத இடமில்லை.

அடுத்து எடை. 27 அடி சுமார் 3100 கிலோ, 30 அடி சுமார் 4600 கிலோ. நீளத்தில் பத்தில் ஒரு பங்குதான் கூடியது, எடையில் கிட்டத்தட்ட பாதி கூடிவிட்டது. படகு வளரும்போது குறுக்கேயும் ஆழத்திலும் சேர்ந்தே வளர்கிறது. பாய் பெரிசாகும், கயிறு தடிக்கும், வின்ச் கனக்கும், அடியில் பூசும் பெயின்ட் டப்பா கூடும். துறையில் வாடகையும் அடிக் கணக்கில்தான். முப்பதடியின் உண்மையான நீளம் 29 அடி 11 அங்குலம் என்று தெரிந்த நாளில் அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஓர் அங்குலத்துக்குத் தள்ளுபடி உண்டா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டார்.

படகுக்குள் இறங்கினால் ஆள் வேறு. கேபினின் தரைப் பலகையைத் தூக்குவார், தலையை உள்ளே விடுவார், மூச்சை இழுப்பார். ‘டீசல்’ என்பார், ‘ஈரப் பலகை’ என்பார். அட்டாமிக் 4 என்ற பழைய பெட்ரோல் இன்ஜின் இருந்தால், ஸ்டார்ட் பண்ணும் முன் ஆவியை வெளியேற்றும் ஃபேனைச் சில நிமிடம் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு படுக்கையில் நீட்டிப் படுப்பார். கழிப்பறையில் போய் உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிறதா என்று பார்ப்பார். கதவு சாத்துமா என்பது மட்டும்தான் அவர் மனைவியின் கேள்வி. அதற்கு இதுவரை அவர் எடைக் கணக்கில்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்திய படகு என்றால் அடியில் குனிந்து கீலைப் பார்ப்பார். அந்த ஈயக் கட்டை படகின் உடம்போடு சேரும் இடத்தில், முன் விளிம்பில் ஒரு கீறல் விழுவதுண்டு. காட்டலினாவின் புன்னகை என்று அதற்குப் பெயர். போல்ட்டை இறுக்கி எபாக்ஸி பூசிவிட்டு மற்றவர்கள் கடலுக்குப் போய்விடுகிறார்கள். நம்மவர் அந்தப் புன்னகையைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

சின்னதே போதும் என்று முடிவெடுத்த நாட்களும் உண்டு. ராபின் லீ கிரஹாம் 1965-இல், பதினாறு வயதில், 24 அடிப் படகில் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினாரே! அன்று முழுக்க 27 அடி அரண்மனையாகத் தெரியும். மறுநாள் காலை காபி குடிக்கும்போது, அதே கிரஹாம் வழியில் 33 அடிப் படகுக்கு மாறித்தான் 1970-இல் பயணத்தை முடித்தார் என்பது ஞாபகம் வரும். தாள் மறுபடி வெளியே வரும்.

என்னைக் கேட்டால் 27 அடிதான். விரிகுடாவின் சராசரி ஆழமே 21 அடி. ராத்திரி நங்கூரம் போட ஆசையாக இருக்கும் ஓடைகள் அதைவிட ஆழம் குறைந்தவை. நாலடி மூழ்கும் படகு நுழைகிற இடத்தில், 5 அடி 3 அங்குலம் மூழ்கும் படகு வாசலிலேயே சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆனால் அவர் என்னைக் கேட்க மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடுமே.

போன வசந்தத்தில் தரகர் போன் செய்தார். 27 அடி விற்றுவிட்டதாம். இரண்டு இளைஞர்கள் வந்தார்களாம், அரை மணி நேரம் பார்த்தார்களாம், பணத்தைக் கொடுத்து அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். ‘தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்களா?’ என்று கேட்டார் மூன்றடிக்காரர். இல்லை என்றதும் உச்சுக் கொட்டினார்.

இனி முப்பதடிதானே, எப்போது வருகிறீர்கள் என்றார் தரகர்.

வருகிறேன், அதற்கு முன்னால் 36 அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்றார் இவர். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி ஒப்பிடுவது?